நீர் வகுத்த நிலம்: பெங்களூர் ஏரிகள் கூறும் வரலாறு

நிலத்தை அதன் இயல்பறிந்து பகுத்துக் காணும் மரபு தமிழர்க்குப் புதியதன்று. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி, காடும் காடுசார்ந்த இடமும் முல்லை, வயலும் வயல்சார்ந்த இடமும் மருதம் என்று பள்ளிப் பருவத்தில் நாம் மனப்பாடம் செய்தோம். ஆயினும் அப்பகுப்பைக் காதற் பாடல்களுக்குரிய இலக்கணமாக மட்டுமே கருதி, மேற்கொண்டு சிந்தியாது விட்டோம். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணிய முன்னோர், உணவு, தொழில், மரம், விலங்கு, ஊர், நீர் ஆகிய அனைத்தையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணினர். இந்நிலம் எதற்கு ஏற்றது, இதில் வாழ்வோர் எந்நீரை உண்பர் என்னும் இரு வினாக்களும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தன. புறநானூற்றின் 18-ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறிய அறிவுரையும் இத்தகையதே. பள்ளமான நிலங்களில் நீரைத் தடுத்து நிறுத்தும் மன்னனே நிலைத்த புகழ் பெறுவான் என்பது அதன் கருத்து.

இன்று அறிஞர் அவைகளிலும் அரசுக் கோப்புகளிலும் ‘ஒருங்கிணைந்த நிலப்பயன் திட்டம்’ என்னும் தொடர் வழங்கி வருகிறது. 1992-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு வெளியிட்ட ‘நிகழ்ச்சி நிரல் 21’ என்னும் ஆவணத்தின் பத்தாம் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியதே. வீடு, வயல், காடு, மேய்ச்சல், சாலை, நீர்நிலை ஆகியவற்றைத் தனித்தனியே முடிவு செய்யாது, ஒன்றின் பயன் மற்றொன்றைக் கெடுக்காதவாறும், வருந்தலைமுறைக்கும் எஞ்சுமாறும் ஒரே பார்வையில் வகுத்தல் என்பதே இத்தொடரின் பொருள். இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணுவோர் உளர். நாம் பிழைப்பு நாடி வந்து குடியேறிய இப்பெங்களூர் நகரின் ஏரிகள் வேறு கதை கூறுகின்றன.

அக்கதையை நாம் நூலகத்தில் தேடிச் சென்று அறிந்தோமில்லை. 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு அது நம் வாயிற்படி ஏறி வந்தது. மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், பல்லாண்டுச் சேமிப்பையும் கடனையும் சேர்த்து, நகரின் கிழக்கே முப்பதுக்கு நாற்பது அடி மனை ஒன்றில் சிறுவீடு கட்டிக் குடிபுகுந்திருந்தோம். மனையின் ஆவணங்கள் யாவும் ஒழுங்கானவை. முத்திரையும் கையொப்பமும் குறைவற்றவை. அன்றிரவு பெய்த மழையில் முழங்காலளவு நீர் கூடத்திற்குள் புகுந்தது. அரிசிப் பானையும் பிள்ளைகளின் பாடநூல்களும் மிதந்தன. பொழுது விடிந்ததும், அவ்வூரின் பழங்குடியினரான கன்னடப் பெரியவர் ஒருவர் தெருமுனையில் நின்று பார்த்து, “கெரெ கோடி பித்திதெ” என்றார். ஏரி கோடி விழுந்துவிட்டது என்பது பொருள்.

அச்சொல் நம்மைத் திடுக்கிடச் செய்தது. வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்த நாம், சிறுவயதில் கேட்டு மகிழ்ந்த சொல் அது. ஏரி நிரம்பி மிகைநீர் வழியும் இடத்தை எம் ஊரிலும் கோடி என்றே கூறுவர். ‘ஏரி கோடி போகிறது’ என்று எவரேனும் கூவினால் ஊரே கரைக்கு ஓடும். அந்த ஆண்டு நெல் உறுதி என்பது அதன் பொருள். அதே சொல் இங்கே நம் வீடு மூழ்கியதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஓர் ஊருக்கு வாழ்வாக இருந்த நீர் மற்றோர் ஊருக்குக் கேடானது எவ்வாறு என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

ஆறில்லா ஊர்

பெரும்பாலான பெருநகரங்கள் ஆற்றங்கரையில் தோன்றியவை. பெங்களூருக்கோ ஆறு இல்லை. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் இது. ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடும் ஒரு முகடு இம்மேட்டை இரண்டாகப் பகுக்கிறது. முகட்டின் மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து, பின்னர்க் காவிரியிற் கலக்கிறது. கிழக்கே விழும் மழை தட்சிண பினாகினியைச் சேர்கிறது. தட்சிண பினாகினி என்றவுடன் அயலானதொரு பெயர் போல் தோன்றலாம். அதுவே ஓசூரைக் கடந்து நம் நாட்டில் நுழைந்ததும் தென்பெண்ணை எனப் பெயர் பெறும் ஆறு.

இம்மேட்டில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது. அது சில திங்களில் பெய்து, சரிவில் இறங்கி ஓடிவிடும். அதைத் தடுத்து நிறுத்தினாலன்றி இங்கு உழவுமில்லை, ஊருமில்லை. ஆதலால் இங்கு வாழ்ந்தோர் ஒவ்வொரு பள்ளத்தின் குறுக்கேயும் கரை எழுப்பினர். மேல் ஏரி நிரம்பியதும் அதன் கோடி வழியே மிகைநீர் ஒரு காலில் இறங்கி அடுத்த ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இவ்வாறு ஏரிகளைக் கோத்துச் செல்லும் பெருங்கால்களுக்கு இந்நாட்டில் ‘ராஜகாலுவெ’ என்று பெயர். மணிகளைக் கோத்த நூல் அறுந்தால் மணிகள் சிதறுவது போல, இக்கால் அறுபட்டால் ஏரிகள் தனித்தனிக் குட்டைகளாகிவிடும்.

கல்வெட்டுச் சான்று

இவ்வமைப்பு ஒருநாளில் எழுந்ததன்று. அகரத்தில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு, ஏரிகளுக்கு மதகு வைத்ததையும் புதிய ஏரி கட்டியதையும் கூறுகிறது. அதே நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பேகூர் நடுகல்லில் ‘பெங்களூர்’ என்னும் ஊர்ப்பெயர் காணப்படுகிறது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கங்கவாடியைக் கைப்பற்றிய பின், இப்பகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் பெருகின. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிற் சுவர்களில் இன்றும் அவற்றைக் காணலாம். அவ்வூர் அக்காலத்தில் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்கப்பட்டது.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய சான்று மடிவாளா சோமேசுவரர் கோயிலில் உள்ளது. 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் உள்ள நிலத்தை வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் கொடையாக அளித்ததைத் தெரிவிக்கிறது. வேப்பூர் என்பதே இன்றைய பேகூர். அதே கோயிலின் வேறு கல்வெட்டுகள் குறிக்கும் தாமரைக்கரை, இன்று தாவரெக்கெரெ என வழங்குகிறது. அவ்வூர்ப் பெயரைப் பேருந்துப் பலகையில் நாள்தோறும் காணும் நம்மில் எத்தனை பேர் அதில் ஒரு தாமரைக் குளத்தைக் கண்டிருப்போம்?

இக்கல்வெட்டில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ‘ஏரியின் கீழ்’ என்னும் அடையாளம். நிலத்தை அறிவதற்கு அக்காலத்தார் முதலிற் கேட்டது, அது எந்த ஏரியின் கீழ் உள்ளது என்பதே. இக்காலத்தில் நாம் மனை வாங்கும்போது பேருந்து நிலையம் எவ்வளவு தொலைவு, பள்ளி எவ்வளவு தொலைவு என்று கேட்கிறோம். ஏரி எங்கே என்று கேட்பதில்லை.

ஊரின் அமைப்பு

ஒரு பழைய கிராமத்தின் அமைப்பை மேலிருந்து கீழாகப் பார்ப்போம். உச்சியில் கல்லும் முள்ளும் நிறைந்த மேடு. அதை ஆடுமாடு மேய்வதற்காக ‘கோமாளம்’ என்று விட்டுவைத்தனர். அங்கு விழும் மழை மண்ணை அரிக்காது மெல்ல இறங்கியது. அதன் கீழே கேழ்வரகு விளையும் புஞ்சை. ஊருக்குப் பொதுவாக ‘குண்டுதோப்பு’ என்னும் நிழல்மரத் தோப்பு. மாவும் புளியும் அங்கே நின்றன. அதன் கீழே ஏரி. ஏரிக்கரைக்குக் கீழே மதகுநீர் பாயும் நஞ்சை. அதை ஒட்டித் தென்னையும் வெற்றிலையும் காய்கறியும் விளையும் தோட்டக்கால். வீடுகள் ஏரியின் நீர்ப்பரப்பிலும் இல்லை, கோடிக்காலின் வழியிலும் இல்லை; மேடான இடத்தில் நெருங்கி நின்றன. கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் எடுத்து வயலுக்கு எருவிட்டனர். அதனால் ஏரி ஆழமாயிற்று, வயலும் வளமாயிற்று. மேய்ச்சல், காடு, நீர், வயல், வீடு என்னும் ஐந்தும் ஒன்றையொன்று தாங்கி நின்ற இதனினும் மேலான ஒருங்கிணைந்த திட்டம் யாது?

இதைக் காப்பதற்கும் ஏற்பாடு இருந்தது. தமிழ்க் கல்வெட்டுகளில் ஏரியைப் பேணுவதற்கென விடப்பட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’ எனப்படும். கன்னடக் கல்வெட்டுகளில் ‘கட்டுக்கொடகெ’ என வரும். மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீரைப் பங்கிடுபவர் ‘நீருகண்டி’. நம் நாட்டில் அவரை நீர்ப்பாய்ச்சி என்பர். அவருக்கு அறுவடையில் இத்தனை படி நெல் என்று கூலி உண்டு.

அப்பழைய ஏற்பாடு குறையற்றது என்று கூற நாம் முன்வரவில்லை. பல ஊர்களில் நீருகண்டியாக இருந்தவர் தாழ்த்தப்பட்ட குடியைச் சேர்ந்தவர். ஊர் முழுவதற்கும் நீர் பங்கிட்ட அவருக்கு நஞ்சையில் ஒரு காணியேனும் சொந்தமாக இருப்பது அரிது. ஊரார் உழைப்பு கட்டாயமாகப் பெறப்பட்டதும் உண்டு. அக்குறைகளை மறைத்துப் பழமையைப் போற்றுவது நேர்மையன்று. எனினும் நிலத்தையும் நீரையும் ஒன்றாகக் கண்ட அறிவு போற்றத்தக்கதே.

1866-ஆம் ஆண்டில் மைசூர் நாட்டின் தலைமைப் பொறியாளராக இருந்த மேஜர் சாங்கி என்னும் ஆங்கிலேயர் இவ்வமைப்பைக் கண்டு வியந்து எழுதினார். இந்நாட்டில் புதிதாக ஓர் ஏரி கட்ட இடம் காண்பதே அரிது. அவ்வாறு கட்டினும் அது கீழே உள்ள வேறோர் ஏரிக்குச் செல்லும் நீரைத் தடுப்பதாகவே முடியும் என்பது அவர் கருத்து. 1882-ல் அவர் கட்டிய ஏரி இன்றும் அவர் பெயரால் வழங்கி வருகிறது.

நகரமும் ஏரியும்

1537-ல் கெம்பேகவுடர் கோட்டையும் பேட்டையும் அமைத்தபோதும் இதே அறிவு பின்பற்றப்பட்டது. அரிசிக்கு அக்கிப்பேட்டை, குயவர்க்குக் கும்பாரப்பேட்டை, பஞ்சுக்கு அரளெப்பேட்டை என்று தொழில்வாரியாகத் தெருக்கள் பகுக்கப்பட்டன. அவற்றைச் சூழ ஏரிகள் அமைந்தன. தருமாம்புதி, கெம்பாம்புதி என்னும் பெயர்களை நோக்குக. அம்புதி என்றால் கடல். ஆறில்லா ஊரார் தம் ஏரியைக் கடலென்றே அழைத்து மகிழ்ந்தனர். கெம்பேகவுடர் பெயரால் வழங்கும் நான்கு எல்லைக் கோபுரங்களுள் ஒன்று கெம்பாம்புதி ஏரிக்கரையிலும் மற்றொன்று அல்சூர் ஏரிக்கரையிலும் நிற்பதும் கருதத்தக்கது.

1760-ல் ஐதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியபோது அதுவும் ஓர் ஏரியை ஒட்டியே அமைந்தது. இந்நகரின் தோட்டக்கலையில் சிறந்து விளங்கிய ‘திகளர்’ என்னும் குடியினர் தமிழ் மரபினர். சம்பங்கி ஏரியைச் சூழ்ந்த ஈரநிலத்தில் கீரையும் காய்கறியும் பூவும் விளைவித்து நகருக்கு ஊட்டியவர் அவர்களே. அவர்கள் முன்னின்று நடத்தும் கரகத் திருவிழா ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறுகிறது. இன்று சம்பங்கி ஏரி இல்லை. அவ்விடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் உள்ளது. ஆயினும் கரகச் சடங்கிற்காகச் சிறு குளம் ஒன்று அங்கே எஞ்சியிருக்கிறது. ஒரு பேரேரியின் நினைவை ஒரு திருவிழா காத்து நிற்கிறது.

1809-ல் ஆங்கிலேயர் இங்குப் படைவீடு அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து படையினரும் வணிகரும் தொழிலாளருமாகத் தமிழர் பெருமளவில் வந்து அல்சூரைச் சூழ்ந்து குடியேறினர். நம்மில் பலருடைய குடும்ப வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

‘கராப்’ என்னும் சொல்

பிழை எங்கே நேர்ந்தது? எழுத்து வேலையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு, அப்பிழை பேரேட்டில் தொடங்கியதாகவே தோன்றுகிறது.

1860-களில் மைசூர் நாட்டில் வருவாய் நில அளவை தொடங்கியது. நிலங்கள் தரி, குஷ்கி, பாகாயத்து என்று பகுக்கப்பட்டன. முறையே நஞ்சை, புஞ்சை, தோட்டம். இவற்றுக்குத் தீர்வை உண்டு. தீர்வை தராத நிலம் எதுவோ அது ‘கராப்’ என்று எழுதப்பட்டது. கராப் என்றால் கெட்டது, பயனற்றது. பாறையும் கராப், பொதுவழியும் கராப், சுடுகாடும் கராப், ஏரிக்கு நீர் கொண்டுசெல்லும் ராஜகாலுவெயும் கராப். எழுதியவர் மீது குற்றமில்லை. வரி வாங்குவதற்கென ஏற்பட்ட பேரேடு வரி தரும் நிலத்தையும் தராத நிலத்தையும் பிரித்துக் காட்டியது, அவ்வளவே. அதே வகையில் பொதுக் காரியத்திற்கென உள்ளது என்று தனிப்பிரிவும் பின்னர் உண்டு. ஆயினும் ஊரின் உயிர்நாடியான கால்வாய், பயனற்றது என்னும் தலைப்பின் கீழ் நின்றுவிட்டது. அது எவருக்கும் சொந்தமன்று, விளைச்சலும் இல்லை, விற்றாலும் கேட்பாரில்லை. நகரம் நிலத்திற்கு ஏங்கத் தொடங்கியபோது முதலிற் கரைந்தது அதுவே.

வெள்ளத்திற்குப் பின் நாம் பழைய கிராம வரைபடத்தின் படி ஒன்றை வாங்கிப் பார்த்தோம். நம் வீடு நிற்கும் இடம் நஞ்சை. நம் தெருவை ஒட்டி இரட்டைக்கோடு ஒன்று மேல் ஏரியின் கோடியிலிருந்து கீழ் ஏரிக்கு இறங்குகிறது. இன்று அங்கே கால்வாய் என்று கூறத்தக்கது, ஒரு முழ அகலச் சாக்கடை. அன்றிரவு வந்த நீர் வழிதவறி வந்ததன்று. தன் பழைய வழியிலேயே வந்தது.

கோப்புகள் பிரிந்தன

1890-களில் அர்க்காவதியின் குறுக்கே உள்ள எசரகட்டா ஏரியிலிருந்து குழாய்நீர் நகருக்கு வந்தது. 1933-ல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும், 1974-ல் காவிரி முதற்கட்டத் திட்டமும் வந்தன. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு இறைத்து வரும் நீரைக் குழாயைத் திருகிப் பெற்றோம். அத்தகைய வசதி வந்தபின், கண்ணெதிரே உள்ள ஏரி எதற்கு என்னும் எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. மலேரியா அச்சமும் சேர்ந்துகொண்டது. தருமாம்புதி பேருந்து நிலையமாயிற்று. சூளை ஏரி கால்பந்து அரங்கமாகவும், அக்கித்திம்மனஹள்ளி ஏரி வளைகோல் பந்தாட்ட அரங்கமாகவும் மாறின. மழைக்காலத்தில் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தை ஒட்டிய தாழ்ந்த சாலைகளில் நீர் தேங்குவதைக் காண்போர் சாக்கடையைப் பழிப்பர். அங்கே இருந்த ஏரி எவர் நினைவிலும் இல்லை.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பிறப்பால் வரும் பதவி ஒழிந்தது நன்றே. ஆனால் மதகைக் காக்கும் வேலையும் அதனோடு நலிந்தது. ஏரி ஓர் அலுவலகத்திற்கும், மழைநீர்க்கால் மற்றோர் அலுவலகத்திற்கும், கழிவுநீர் வேறோர் அலுவலகத்திற்கும், மனைப்பிரிவு பிறிதோர் அலுவலகத்திற்கும் உரியனவாயின. ஒவ்வொரு கோப்பும் தன்னளவில் செம்மையாக இருந்தது. நீர் மட்டும் எல்லாக் கோப்புகளின் வழியாகவும் ஓடியது. இருபதாண்டுக் காலம் கோப்புகளோடு வாழ்ந்த நமக்கு இது நன்கு விளங்குகிறது. எழுதிய குறிப்பு பிழையற்றதாக இருந்தும், காரியம் கெட்டுப்போவது உண்டு.

திட்டமே இல்லை என்றும் கூறிவிட முடியாது. 1945-ல் நகர மேம்பாட்டு அறக்கட்டளைக் குழுமமும், 1976-ல் பெங்களூர் வளர்ச்சி ஆணையமும் அமைந்தன. 1984-ஆம் ஆண்டு வளர்ச்சித் திட்டம் நகரைச் சூழப் பசுமை வளையம் வகுத்தது. 1980-களின் நடுவில் என். லட்சுமண ராவ் தலைமையில் அமைந்த குழு, ஏரிகளை உடைத்து மனையாக்குதல் கூடாது, கழிவுநீரைத் திருப்புதல் வேண்டும், கரையோரங்களில் மரம் நட்டு ஆக்கிரமிப்பைத் தடுத்தல் வேண்டும் என்று தெளிவாகப் பரிந்துரைத்தது. ஆனால் நகரின் பெருக்கம் திட்டங்களை முந்திச் சென்றது. 1951-ல் ஏறத்தாழ 8 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1981-ல் 29 இலட்சமாகவும், 2011-ல் 84 இலட்சமாகவும் உயர்ந்தது. அவ்வெண்ணிக்கையில் நாமும் அடங்குவோம். ஏரியை அழித்தவர் யாரோ என்று நாம் விரல் நீட்டும்போது, நம் வீட்டுக் கடைக்கால் எங்கே ஊன்றப்பட்டது என்பதையும் நினைத்தல் வேண்டும்.

2016-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரியைச் சுற்றி 75 மீட்டர் இடம் விடவேண்டும் என்று பணித்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதால், பெருந்திட்டத்தில் கண்ட 30 மீட்டர் அளவே மீண்டும் நின்றது. எத்தனை மீட்டர் என்பது வேண்டத்தக்க கேள்வியே. ஆனால் ஏரிக்கு நீர் வரும் வழியும் போகும் வழியும் அடைபட்டபின், சுற்றிலும் எத்தனை மீட்டர் விட்டால்தான் என்ன?

கீழே இருப்பவர்

பெள்ளந்தூர் ஏரி ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ளது. இந்நகரின் ஏரிகளுள் மிகப் பெரியது. நகரின் நடுப்பகுதியிலிருந்து தென்கிழக்காக இறங்கும் நீர் யாவும் அங்கே சேர்ந்து, வர்த்தூர் ஏரி வழியாகத் தட்சிண பினாகினிக்குச் செல்கிறது. மழைநீர் வந்த வழியில் கழிவுநீர் வரத் தொடங்கியது. 2015-ல் அவ்வேரியின் நுரை தீப்பற்றியது. 2018 சனவரியில் மூண்ட தீயை அணைக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் வரவேண்டியதாயிற்று. ஏரி தீப்பற்றி எரிந்தது என்று நம் பாட்டனாரிடம் கூறினால் நம்பியிருப்பாரா? 2022-ல் அதே பகுதியில் வெள்ளம். படகிலும் டிராக்டரிலும் மக்களை மீட்டனர். 2024 கோடையில் ஆயிரக்கணக்கான ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றின. இரண்டாண்டு இடைவெளியில் ஒரே நகரம் வெள்ளத்தாலும் வறட்சியாலும் வாடியது. தேங்க வேண்டிய நீர் தேங்காததால், ஒருபொழுது வெள்ளமாயிற்று, மறுபொழுது இல்லாமையாயிற்று.

இதில் நமக்கெனத் தனியாக ஒரு பொறுப்பும் உண்டு. வர்த்தூரைக் கடந்த நீர் எங்கே செல்கிறது? ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு, பின்னர்க் கிருஷ்ணகிரி அணைக்கு, பின்னர்ச் சாத்தனூருக்கு, திருக்கோவலூரைத் தழுவிக் கடலூர் அருகே கடலுக்கு. கெலவரப்பள்ளியில் நுரை பொங்கி மிதந்த செய்தியைப் பல ஆண்டுகளில் நாளிதழ்களில் படித்தோம். அந்நீரைப் பாய்ச்சி உழுபவர் நம் அண்ணன் தம்பியர். நம் மாமன் மைத்துனர். இங்கே நாம் குளியலறையில் கொட்டும் சவர்க்கார நீர், இரண்டு மூன்று நாளில் அவர்கள் வாய்க்காலை அடைகிறது. மேலே இருந்து அனுப்புபவரும் நாமே. கீழே இருந்து பெறுபவரும் நாமே. இவ்வழக்கில் வாதியும் பிரதிவாதியும் ஒரே குடும்பத்தார்.

செய்யத்தக்கது

நம்பிக்கை தரும் செய்திகளும் உள்ளன. 2018 முதல், கோரமங்கலா-செல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைத் தூய்மை செய்து கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்புவது அதன் நோக்கம். அந்நீர் இன்னும் ஒருபடி தூய்மை பெறவேண்டும் என்று வற்புறுத்துவோரின் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. சக்கூர் ஏரியில், தூய்மை செய்த நீரை நாணலும் கோரையும் வளர்ந்த ஈரநிலத்தின் வழியே விட்டு ஏரிக்குள் சேர்க்கின்றனர். கைகொண்டனஹள்ளி ஏரியை அப்பகுதி மக்களும் மாநகராட்சியும் கைகோத்து மீட்டனர். பழைய அறிவும் புதிய அறிவும் கலந்தால் ஏரி பிழைக்கும் என்பதற்கு இவை சான்று.

நாமும் செய்யத்தக்கன சில உண்டு. மனை வாங்குமுன் பத்திரத்தைப் பார்ப்பதோடு பழைய கிராம வரைபடத்தையும் பார்த்தல் வேண்டும். இரட்டைக்கோடு எங்கே போகிறது, ‘கராப்’ என்று எழுதியது எது என்று கேட்டல் வேண்டும். மொட்டைமாடி மழையைக் கிணற்றிலோ குழியிலோ சேர்த்தல் வேண்டும். தெருவை ஒட்டிய கால்வாயில் குப்பை கொட்டாதிருத்தல் வேண்டும். 2023 முதல் ஒவ்வொரு சித்திரையிலும் நம் தெருவார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, அக்காலின் முகத்தைத் துப்புரவு செய்கின்றனர். தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் வங்காளியரும் அதில் உண்டு. எங்கே தோண்டவேண்டும் என்று காட்டுபவர் அக்கன்னடப் பெரியவர். அவர் நினைவில் உள்ள வரைபடம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

அல்சூர் ஏரியருகே, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைக் காணப் பிள்ளைகளோடு செல்லாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வைத்த புலவர் ஏரியருகே நிற்பது பொருத்தமே. சென்ற ஆண்டு அங்கே சென்றிருந்தபோது, பள்ளியில் ஐந்திணை படித்துவந்த நம் இளைய மகள், “அப்பா, நம் வீடு எந்த நிலம்?” என்று வினவினாள். நகரத்தில் ஏது திணை என்று கூற வாயெடுத்து, நிறுத்திக்கொண்டோம். வரைபடத்தின் இரட்டைக்கோடு கண்முன் வந்தது.

“மருதம், அம்மா. ஏரியின் கீழ் நஞ்சை” என்றோம்.

“அப்படியென்றால் நம் ஏரி எது?” என்றாள். மறுநாள் அழைத்துச் சென்று காட்டினோம்.